ஆயுதக் குழுவிலிருந்து 22 பிள்ளைகள் ஊர் திரும்புகிறார்கள்: எதை முதலில் செய்வது?

கேள்வி: போர் ஓய்ந்து ஓராண்டாகும் ஒரு நாட்டில், தொண்டு நிறுவனமொன்றின் களப் பொறுப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். ஆயுதக் குழு விடுவித்த 22 பிள்ளைகள் இன்னும் 3 மாதத்தில் எங்கள் பகுதிக்கு வருகிறார்கள். வயது 12 முதல் 17. பெண்பிள்ளைகள் 4 பேர். அதில் ஒருத்திக்குக் கைக்குழந்தை. எனக்கு முன்பிருந்தவர் எழுதிவைத்த திட்டம் இது: 6 மாதம் எல்லோரும் ஒரே மையத்தில் தங்க வேண்டும், தினமும் குழுவாக உட்கார்ந்து நடந்ததைப் பேசும் உளவளத்துணை, பையன்களுக்குத் தச்சு, பெண்களுக்குத் தையல், கடைசியில் ஆளுக்கொரு கருவிப் பெட்டியும் கொஞ்சம் பணமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது. ஊரிலோ, "கொலைகாரப் பிள்ளைகளை இங்கே கொண்டுவராதீர்கள்" என்கிறார்கள். இந்தத் திட்டம் சரிதானா? எதை மாற்ற வேண்டும்?

பதில்: வணக்கம். திட்டத்தில் உள்ள உருப்படிகளில் பலவும் வேண்டியவைதான். ஆனால் பணமும் நேரமும் ஓரிடத்திலேயே குவிந்து கிடக்கின்றன. பிள்ளை மையத்தில் இருக்கும் 6 மாதத்துக்கு எல்லாம் இருக்கிறது. வீட்டுக்குப் போன மறுநாளிலிருந்து ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் நம் கையை விட்டுப் போவது அந்த மறுநாளுக்குப் பிறகுதான். ஆகவே மையத்தைச் சுருக்குங்கள். மிச்சமாகும் தொகையை ஊருக்கும், பள்ளிக்கும், 2 ஆண்டு வீட்டுச் சந்திப்புகளுக்கும் திருப்புங்கள். பணம் கொடுப்பதை எடுத்துவிடுங்கள். குழு உளவளத்துணை இப்போதிருக்கும் வடிவில் வேண்டாம்.

மையத்தில் இருந்து தொடங்குகிறேன். இடைத்தங்கல் மையத்துக்கு உள்ள வேலை மூன்று: உடம்பைப் பார்ப்பது, பதிவு செய்வது, குடும்பத்தைத் தேடுவது. ஆறாத காயம், உடலில் தங்கிய உலோகத் துண்டு, மலேரியா, தோல் நோய், பால்வினைத் தொற்று, போதைப் பழக்கம், காது கேளாமை (வெடிச்சத்தத்தில் செவிப்பறை கிழிந்த பிள்ளையை 'சொன்னால் கேட்காதவன்' என்று ஆசிரியர் அடிப்பது சாதாரணமாக நடக்கிறது) எல்லாவற்றையும் பரிசோதித்து முடிக்க 2 வாரம் போதும். குடும்பம் கிடைத்து, வீடு பாதுகாப்பானது என்று தெரிந்தவுடன் பிள்ளையை அனுப்பலாம். 6 முதல் 8 வாரத்தை இலக்காக வையுங்கள். 3 மாதத்தைத் தாண்டுபவர் விதிவிலக்காக இருக்கட்டும்.

தங்கல் நீளும்போது பழைய அதிகார வரிசை மையத்துக்குள்ளேயே மறுபடி முளைக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். யார் முதலில் தட்டை எடுக்கிறான், யாருக்குத் தண்ணீர் இன்னொருவன் கொண்டுவந்து வைக்கிறான், யார் எழுந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று பார்த்தால், முன்பு பிரிவுத் தலைவனாக இருந்தவன் யார் என்று பதிவேட்டைப் புரட்டாமலே தெரிந்துவிடும். அறை ஒதுக்கும்போது அவனையும் அவனுக்குக் கீழ் இருந்தவர்களையும் பிரித்துப் போடுங்கள். விசில் ஊதி எழுப்புவது, வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது, தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது எதுவும் கூடாது. அதைத்தான் அவர்கள் விட்டுவிட்டு வருகிறார்கள். மையத்தைச் சுற்றி இருப்பவர்களையும் மறக்க வேண்டாம். 2000 அக்டோபரில் இலங்கையின் பண்டாரவளைக்கு அருகில் பிந்துனுவெவ புனர்வாழ்வு மையத்துக்குள் சுற்றுவட்டாரக் கும்பல் புகுந்து தாக்கியதில் 20-க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். காவலுக்குப் போலீசார் அங்கேயே இருந்தார்கள். மையத்துக்கு இடம் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் அக்கம்பக்கத்தாரைப் பாருங்கள். உள்ளே சாப்பாடும் மருந்தும் இருந்து வெளியே பட்டினி என்றால், பகை தானாக வளரும்.

மையத்தால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. மொசாம்பிக்கில் 1988-ல் மபூட்டோ நகரின் லங்கேன் மையத்துக்கு வந்த 39 முன்னாள் சிறுவர் போராளிகளை ஆய்வாளர் நீல் பூத்பி குழுவினர் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலானவர்கள் குடும்பமும் உழைப்புமாக நிலைத்துவிட்டார்கள். மையத்தில் கிடைத்த ஒழுங்கான அன்றாடமும், அடிக்காத, சொன்ன சொல் தவறாத பெரியவர்களும் தொடக்கத்தில் உதவியிருக்கிறார்கள். அதன்பிறகு கைகொடுத்தவை ஊரார் ஏற்றுக்கொண்டது, ஊர்ச் சடங்குகள், தொழிலாளியிடம் கைவேலை பழகியது போன்றவை. இந்த இரண்டாம் பகுதி உங்கள் திட்டத்தில் இல்லை.

அடுத்தது பதிவு. 22 பேரில் 4 பேர் மட்டுமே பெண்பிள்ளைகள் என்ற கணக்கை நம்பாதீர்கள். ஆயுதக் குழுக்களில் இருந்த பிள்ளைகளைப் பற்றிய சர்வதேச வழிகாட்டுதலான 2007-ன் பாரிஸ் கோட்பாடுகள் துப்பாக்கி தூக்கியவர்களை மட்டும் சொல்லவில்லை. சமையல், சுமை தூக்குதல், செய்தி கொண்டுபோதல், உளவு, பாலியல் பயன்பாடு என எந்த வேலைக்காக எடுக்கப்பட்டாலும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரையும் சேர்த்தே வரையறுக்கின்றன. சியரா லியோனில் ஆயுதக் களைவின்போது நடைமுறையில் ஆயுதத்தோடு வந்தவர்களுக்கும், துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டிக் காட்டியவர்களுக்கும் முதலிடம் கிடைத்ததால், பதிவான ஏறத்தாழ 6,800 சிறுவர்களில் பெண்பிள்ளைகள் பத்தில் ஒருவர்கூட இல்லை. குழுக்களுக்குள் அவர்கள் இருந்த எண்ணிக்கைக்கும் இதற்கும் பொருத்தமே இல்லை. பலர் யாருக்கும் தெரியாமல் ஊர் திரும்பிவிட்டார்கள். இன்னும் பலர் தளபதிகளிடமே தங்கிவிட்டார்கள்.

உங்கள் பகுதியிலும் இப்படி மறைந்திருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பெயர் சொல்லித் தேடினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்; அது அவர்களுக்குச் செய்யும் பெருங்கேடு. தாய்சேய் நல மருத்துவமனை, இளம் தாய்மார் எல்லோருக்கும் திறந்த வகுப்பு, பெண் களப்பணியாளரின் சாதாரண வீட்டுச் சந்திப்பு என்று பொதுவான வாசல்களைத் திறந்து வையுங்கள். வருகிறவளிடம் "இயக்கத்தில் இருந்தாயா?" என்று கேட்க வேண்டாம். "சண்டைக் காலத்தில் வீட்டை விட்டு எங்கே இருந்தாய்?" என்று தனியறையில் பெண் ஒருவர் கேட்டால் போதும்.

பேட்டி ஒரே தடவைதான். பெயர், பெற்றோர், ஊர், கடைசியாகப் படித்த வகுப்பு, உடனடித் தேவை, போக விரும்பும் இடம், போகப் பயப்படும் இடம். எத்தனை பேரைச் சுட்டாய், முகாம் எங்கே, தலைவன் யார் என்ற கேள்விகள் உங்கள் படிவத்தில் இருக்கவே கூடாது. எழுதிவைத்தால் என்றைக்காவது யாராவது கேட்டு வாங்கிப் போவார்கள். கோப்பில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போட்டு, பெயர்ப்பட்டியலைத் தனியே பூட்டுங்கள். வயதில் சந்தேகம் வந்தால் மணிக்கட்டு எக்ஸ்ரேயை நம்பி முடிவெடுக்க வேண்டாம், அது ஒன்றிரண்டு ஆண்டு முன்பின்னாகக் காட்டும். அண்ணன் தம்பி வயது, பள்ளியில் சேர்ந்த ஆண்டு, ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு வெள்ளம் அல்லது தேர்தல் என்று கேட்டுக் கணக்கிடுங்கள். தீராத சந்தேகத்தில் பிள்ளை என்றே வையுங்கள். 13 வயதில் எடுக்கப்பட்டு 19-ல் வெளியே வருபவரையும் தள்ளிவிட வேண்டாம். நேபாளத்தில் மாவோயிஸ்ட் படையில் இருந்தவர்களில், வயதைக் கணக்கிட வைத்த 2006 மே மாதக் கெடுநாளில் 18 நிரம்பாதவர்கள் என்று ஐ.நா. உறுதிசெய்த 2,973 பேர் முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டது 2010 தொடக்கத்தில்தான். அதற்குள் பெரும்பாலோர் பெரியவர்களாகிவிட்டார்கள். 'தகுதி நீக்கம்' என்ற முத்திரையும் கூடவே வீட்டுக்கு வந்தது.

இனி, இருக்கிற 3 மாதத்தில் உங்கள் முழுக் கவனமும் போக வேண்டிய இடம்: வீடும் ஊரும். குடும்பத்தைக் கண்டுபிடித்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். முதல் சந்திப்புக்குப் பிள்ளை இல்லாமல் போங்கள். இப்போது அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தாய் மறுமணம் செய்துவிட்டாளா, பிள்ளை படுக்க இடம் எங்கே, வீட்டில் கடன் உண்டா, நிலம் யார் கையில், குழுவின் ஆட்கள் இன்னும் அந்தப் பக்கம் வருகிறார்களா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிள்ளை எப்படிப் போனான் என்பது. கடத்தினார்களா, வீட்டுக்கு ஓர் ஆள் என்று கேட்டபோது பெற்றோரே அனுப்பினார்களா, தகப்பனின் அடி தாங்காமல் ஓடினானா? மூன்றாவது வகை என்றால், அந்த அடி நிற்காமல் அவனை அந்த வீட்டுக்கு அனுப்புவது குழுவுக்குத் திருப்பி அனுப்புவதற்குச் சமம். இரண்டாவது வகையில் தாய்க்கும் மகனுக்கும் இடையே ஒரு பேச்சு பாக்கி இருக்கும். அதற்கு நீங்கள் இடம் மட்டும் கொடுத்தால் போதும், நடுவில் உட்கார வேண்டாம்.

பிறகு புகைப்படம் அல்லது குரல் செய்தி, அதன்பின் தொலைபேசி, முடிந்தால் பெற்றோர் மையத்துக்கு வந்து ஒருநாள் தங்கிப்போவது, கடைசியில் வீடு. இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்ல முடிய வேண்டும். வீடு சரிவராது என்றால் தாய்மாமன், சித்தி, பாட்டி வீடு. அதுவும் இல்லையென்றால் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பம். கொலம்பியாவில் அரசின் குடும்பநல நிறுவனம் இப்படிப் பொறுப்பெடுக்கும் வீடுகளை நடத்துகிறது. 16, 17 வயதுக்காரர்கள் சிலர் யார் வீட்டிலும் ஒட்ட மாட்டார்கள். அவர்களுக்கு மூன்று நான்கு பேர் சேர்ந்து சமைத்து வாழும் வீடும், வாரம் மூன்று தடவை வந்துபோகும் ஒரு பெரியவரும் பொருந்தும்.

"கொலைகாரப் பிள்ளைகள்" என்று சொல்கிறவர்களை அறியாமைக்காரர்கள் என்று ஒதுக்காதீர்கள். அவர்களில் சிலர் உண்மையாகவே பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். பெரிய கூட்டம் போட்டு ஒலிபெருக்கியில் விழிப்புணர்வு நடத்துவதுதான் பல திட்டங்கள் செய்யும் முதல் தவறு. கூட்டத்தில் கோபக்காரர்தான் பேசுவார். பேசியபிறகு அந்தச் சொல்லிலிருந்து அவரால் இறங்கிவர முடியாது. முதலில் இழப்பு நேர்ந்த வீடுகளுக்குத் தனித்தனியாகப் போங்கள். அவர்கள் இழப்பைப் பற்றி முழுக்கக் கேளுங்கள். அன்றைக்கு வரப்போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். இரண்டாம் சந்திப்பில், யார் வருகிறார்கள், எந்த வயதில் எடுத்துச் செல்லப்பட்டார்கள், நிறுவனம் என்ன பொறுப்பு எடுக்கிறது, ஊருக்கு என்ன வரும், ஏதாவது நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லுங்கள். மன்னிக்கும்படி கேட்காதீர்கள், அதைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. "தொந்தரவு செய்யாமல் இருக்க முடியுமா?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அதற்கு ஒத்துக்கொள்வார்கள். எதிர்பார்த்ததைவிடச் சிலர் இன்னும் அதிகமாகச் செய்வார்கள்.

பிள்ளை தாக்கியது தன் சொந்த ஊரையே என்றால் நேரே அங்கே கொண்டுபோக வேண்டாம். வேறு ஊரில் உறவினர் வீட்டில் வைத்து, ஊர்ப் பெரியவர்கள் மூலம் பேசி, பகலில் ஒரு சிறு வருகை, பிறகு ஓரிரவு, பிறகு நிரந்தரம் என்று மாதக்கணக்கில் போக வேண்டிய காரியம் அது.

ஊரிடம் வரவேற்புச் சடங்கு இருந்தால் நல்லது. வடக்கு உகாண்டாவில் அச்சோலி மக்கள், திரும்பி வருபவரை வாசலில் ஒரு முட்டையை மிதித்து உள்ளே வரச் செய்வார்கள். வெளியே ஒட்டிவந்தது வெளியிலேயே நின்றுவிட்டது என்று ஊர் முழுக்கக் கண்ணால் பார்க்கிறது; நம் அறிவுரை எதுவும் அவ்வளவு செய்யாது. ஆனால் மூன்றைக் கவனியுங்கள். சடங்கைக் கேட்பது ஊராக இருக்க வேண்டும், நிறுவனம் அல்ல. பிள்ளைக்குச் சம்மதம் வேண்டும், வேறு மதத்தில் இருக்கும் பிள்ளைகளை இழுக்கக் கூடாது. தனக்கு நடந்ததைப் பெண்பிள்ளை எல்லோர் முன்னும் சொல்ல வேண்டிய சடங்கு என்றால் தடுத்துவிடுங்கள். கேமராவுக்கு அன்றைக்கு விடுமுறை.

ஊரைச் சமாதானப்படுத்தும் மிகப் பெரிய கருவி பள்ளிதான். சியரா லியோனில் இந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளிகளுக்கு, பள்ளி முழுவதற்கும் பயன்படும் பாடப்பொருட்களோ விளையாட்டுப் பொருட்களோ கொடுத்தார்கள். "அவன் வந்ததால் என் பிள்ளைக்கும் நோட்டு கிடைத்தது" என்று ஒரு தாய் சொல்லும்படி செய்வதுதான் கணக்கு. நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் 22 பேருக்கு இணையாகக் குறைந்தது 22 பேரை, குழுவில் இல்லாத அநாதைகள், ஊனமுற்றோர், பள்ளி விட்டவர்கள் என்று ஊர்க் குழுவே தேர்ந்தெடுக்கட்டும். எல்லோரும் ஒரே பட்டியல், ஒரே உதவி. 'குழுவில் இருந்தவனுக்குத்தான் எல்லாம்' என்ற பேச்சு கிளம்பினால் அது பொறாமையோடு நிற்காது, அடுத்த சண்டையில் ஆள் சேர்ப்பதற்கும் அதுவே விளம்பரம்.

வடக்கு உகாண்டாவில் கடத்தப்பட்டுத் திரும்பியவர்களை ஆராய்ந்த கிறிஸ்டோபர் பிளாட்மனும் ஜெனி அன்னனும் கண்டது இது: அவர்கள் சராசரியாக முக்கால் ஆண்டுப் படிப்பை இழந்திருந்தார்கள், வருமானம் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடும் மன உளைச்சல் எல்லோரிடமும் பரவலாக இல்லை. மிகக் கொடிய வன்முறையைச் சந்தித்தவர்களிடம் குவிந்திருந்தது. அதாவது, எல்லோரிடமும் உள்ள பொதுக் காயம் பாடப் புத்தகத்திலும் சட்டைப்பையிலும் இருக்கிறது. உங்கள் திட்டத்தில் பள்ளி என்ற வார்த்தையே இல்லாதது அதனால்தான் கண்ணை உறுத்துகிறது.

15 வயதுப் பையனை 8 வயதுக் குழந்தைகளோடு 3-ஆம் வகுப்பில் உட்காரவைத்தால் ஒரு மாதம் தாங்க மாட்டான். சேரும் முன் வாசிப்பிலும் கணக்கிலும் அரை மணி நேரச் சோதனை வையுங்கள். வயது மீறியவர்களுக்கு, 6 ஆண்டுத் தொடக்கப் பாடத்தை 3 ஆண்டில் முடிக்கும் விரைவு வகுப்பு சியரா லியோனில் நடந்தது; பிற்பகலில் அப்படியொரு வகுப்பை உங்கள் பள்ளியில் திறக்க முடியுமா என்று கல்வித் துறையிடம் இப்போதே கேளுங்கள். சான்றிதழைத் துறை ஏற்கும் என்று எழுத்தில் வாங்காமல் தொடங்காதீர்கள். ஆசிரியர்களுக்கு 2 நாள் பயிற்சி போதும், ஆனால் விஷயம் நுணுக்கமாக இருக்கட்டும். பின்னாலிருந்து தோளைத் தொடாதே, முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடு. வாசல் தெரியும் இடத்தில் உட்காரவிடு. கதவு 'டமால்' என்று அடித்து அவன் மேசைக்கடியில் போனால், யாரையும் சிரிக்கவிடாதே. "காற்று, கதவு சாத்தியது" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர். அடிக்காதே. அவனை வகுப்புச் சட்டாம்பிள்ளையாக்கி மற்றப் பிள்ளைகளை மிரட்டவும் பயன்படுத்தாதே. இந்தக் கடைசித் தவறை நல்ல ஆசிரியர்களே செய்கிறார்கள், அவன் ஒரு சொல் சொன்னால் வகுப்பு அடங்குகிறதே என்று.

10 பேருக்குக் கட்டளையிட்ட 16 வயதுக்காரனுக்குச் சும்மா இருப்பது பெரும் இழிவாகத் தெரியும். அவனுக்குப் பொறுப்பு வேண்டும், ஆனால் ஆட்கள்மேல் அல்லாமல் பொருள்மேல்: விளையாட்டுப் பொருள் அறைச் சாவி, தண்ணீர் பம்ப், கோழிக் கூண்டு, கடைக் கணக்கு.

பணத்துக்கு வருகிறேன். லைபீரியாவில் 2003-04 ஆயுதக் களைவில் ஆளுக்கு 300 டாலர் இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள், சிறுவர்களுக்கும் சேர்த்து. தளபதிகள் பங்கு கேட்டார்கள். குழுவில் இல்லாதவர்கள் கையில் ஆயுதமும் தோட்டாவும் கொடுத்து வரிசையில் நிறுத்திப் பணம் பார்த்தார்கள். பிள்ளை கையில் ரொக்கம் இருந்தால் பழைய தலைவன் வீடு தேடி வருவான் என்பது ஒருபுறம், "என் மகனைக் கொன்றவனுக்கு இனாமா?" என்று பக்கத்து வீடு கேட்பது இன்னொருபுறம். அந்தத் தொகையைப் பள்ளிக் கட்டணம், பாடநூல், மருந்து, வளர்க்கும் குடும்பத்துக்கு மற்ற ஏழைக் குடும்பங்களுக்கும் கிடைக்கும் அதே உதவி என்று மாற்றுங்கள்.

தொழிற்பயிற்சியில், 18 பையன்களும் தச்சராகி ஒரே சந்தையில் நின்றால் யாருக்கு நாற்காலி விற்பார்கள்? கருவிப் பெட்டி இரண்டே வாரத்தில் விற்பனைக்கு வருவதற்கு இதுதான் காரணம், பிள்ளையின் பொறுப்பின்மை அல்ல. சந்தை நாளில் ஒரு நோட்டோடு நடந்து போங்கள். எத்தனை தையல்காரர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள், வெளியூரிலிருந்து என்ன வந்து இறங்குகிறது, எதைப் பழுதுபார்க்க ஆட்கள் தூரம் போகிறார்கள் என்று எழுதுங்கள். சைக்கிள், மோட்டார் சைக்கிள், கைபேசி, பம்ப் பழுது, ரொட்டிச் சூளை, கோழி வளர்ப்பு, செங்கல் என்று பட்டியல் விரியும். 3 மாத வகுப்பில் யாரும் தொழிலாளி ஆவதில்லை. நல்ல மேஸ்திரியிடம் 9 முதல் 12 மாதம் உதவியாளாக வைத்து, மேஸ்திரிக்கு மாதாமாதம் சிறு தொகையும், கடைக்கு ஒரு கருவியும் கொடுங்கள். எடுபிடியாகவே வைத்திருக்காமல் இருக்க, எந்த மாதத்துக்குள் எந்த வேலையைத் தானே செய்ய வேண்டும் என்று ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள்: அன்றாடக் கருவிகள் முதலில், விலை கூடியவை 3 மாதம் தொழில் நடத்தியபிறகு. தையல் இயந்திரம் கொடுத்தால் ஊசி, பெல்ட், எண்ணெய், முதல் சில உருப்படிக்கான துணி, நூல் எல்லாம் சேர வேண்டும், பெல்ட் அறுந்ததால் மூலையில் கிடக்கும் இயந்திரங்கள் ஏராளம். 15-க்குக் கீழ் இருப்பவர்களுக்குத் தொழிற்பயிற்சியே வேண்டாம், பள்ளிதான். 18 ஆகாதவர்களுக்கு வெல்டிங், கல்லுடைப்பு, பூச்சிமருந்து தெளித்தல் போன்ற ஆபத்தான வேலையும் கூடாது.

உளவளத்துணை பற்றி. நேபாளத்தில் 2008-ல் வெளிவந்த ஆய்வில் முன்னாள் சிறுவர் போராளிகள் 141 பேரை, குழுவில் சேராத 141 பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன நெருக்கடி முதல் தரப்பில் 55%, இரண்டாம் தரப்பில் 20%. பெண்பிள்ளைகளிடம் பாதிப்பு கூடுதல். ஆக, பிரச்சினை உண்மையானது. ஆனால் 22 பேரையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைப்பது அதற்கு மருந்தல்ல. ஒருவன் சொல்வது மற்றவனுக்கு எதிரான சாட்சியாகும். பாலியல் வன்முறை அனுபவித்தவள் வாயைத் திறக்கவே மாட்டாள். சொல்லிமுடித்தவன் இரவில் தனியாகக் கிடப்பான். குழு நேரத்தைக் கால்பந்து, பாட்டு, சமையல், தோட்டம், கோபம் வரும்போது என்ன செய்வது, பழிச்சொல் கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயிற்சிக்கு வையுங்கள்.

முதல் சில வாரம் கெட்ட கனவு, திடுக்கிடல், எரிந்து விழுவது, யாரையும் நம்பாமை எல்லாம் எதிர்பார்க்க வேண்டியவைதான். போதை நின்றதன் பின்விளைவும் அதில் கலந்திருக்கும். வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்து 4 முதல் 6 வாரத்துக்குப் பிறகும் உறக்கமில்லை, சாப்பிடவில்லை, பகலிலேயே சண்டைக்களத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்கிறான், தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிறான் என்றால் தனிப்பட்ட சிகிச்சை வேண்டும். சாகப்போவதாகச் சொன்னால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. நேரடியாகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றைக்கே அகற்றுங்கள். சிகிச்சை பலன் தருகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. வடக்கு உகாண்டாவில் இந்த நெருக்கடி இருந்த 85 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான சோதனையில், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே, ஒருவருக்கொருவராக, 8 அமர்வுகளில், வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லவைக்கும் முறையில் நல்ல முன்னேற்றம் கொண்டுவந்தார்கள். கவனிக்க: தனியாக, பயிற்சியோடு, மேற்பார்வையோடு. உங்களிடம் அப்படிப்பட்டவர் இல்லையென்றால் அருகிலுள்ள மருத்துவமனையோடு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். நீங்களாகத் தொடங்காதீர்கள். சியரா லியோனில் 2002-லிருந்து இந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்துவரும் தெரேசா பெட்டன்கோர்ட் குழுவின் ஆய்விலும், பிற்கால மனநலத்தைத் தீர்மானிப்பதில் ஊரார் பழிப்பதும் குடும்பம் அணைப்பதும் பெரும்பங்கு வகித்தன. அதனால்தான் ஊருக்கு முதலிடம் கொடுக்கச் சொல்கிறேன்.

கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்குத் தனித் திட்டம் போடுங்கள். குழந்தையின் பிறப்புப் பதிவு முதல் வேலை. தகப்பன் பெயர் இல்லாமலே பதிய முடியுமா என்று விசாரியுங்கள், இல்லையென்றால் குழந்தை பள்ளி வயதில் மாட்டிக்கொள்ளும். 'கணவன்' என்று ஒரு தளபதி வந்து உரிமை கேட்டால், அவள் தனியாக, பயமின்றி முடிவெடுக்கும்வரை முகவரிகூடத் தரக்கூடாது. யாருக்காவது கட்டிவைத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று குடும்பம் சொல்லும், இணங்காதீர்கள். கருப்பை, சிறுநீர்ப் பாதைக் காயங்களுக்கு மருத்துவப் பரிசோதனை, சம்மதத்தோடு எச்.ஐ.வி. சோதனை, வகுப்பு நேரத்தில் குழந்தையைப் பார்க்க ஓர் ஆள். இந்தக் கடைசி ஒன்று இல்லாததால் பயிற்சியை விட்டவர்கள்தான் அதிகம். அவளுடைய தாய் பேரக்குழந்தையைத் தூக்குகிறாளா என்று முதல் சந்திப்பில் கவனியுங்கள். தூக்கவில்லையென்றால் அங்கே வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

சட்டத்தில் உங்களுக்குப் பிடிமானம் உண்டு. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையோடு சேர்ந்த 2000-ன் விருப்ப நெறிமுறை, ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்தச் சூழலிலும் சேர்க்கக் கூடாது என்கிறது. திரும்பிவருபவர்களின் மீட்புக்கும் மீளிணைப்புக்கும் உதவ வேண்டியது அரசின் கடமை. 15 வயதுக்குக் கீழ் சேர்ப்பது, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தின்படி போர்க்குற்றம், 2012-ல் காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தோமா லுபாங்கா தண்டிக்கப்பட்டது இதற்காகவே. அதே சட்டம், குற்றம் நடந்தபோது 18 ஆகாதவர்மேல் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறது. ஆனால் உள்நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம். ஆகவே பிள்ளைகள் வரும் முன்பே ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, அடையாள அட்டை, பொதுமன்னிப்பு, தடுப்புக்காவல் ஆகியவற்றில் நிலை என்னவென்று எழுத்தில் வாங்குங்கள். பிள்ளையை உளவாளியாகவோ, பழைய முகாமைக் காட்டும் வழிகாட்டியாகவோ கேட்டு இராணுவம் வந்தால் மறுக்க வேண்டியது நீங்கள்தான். பிள்ளையால் மறுக்க முடியாது.

வீடு சேர்ந்தபின் முதல் மாதம் வாரம் ஒருமுறை, 3-ஆம் மாதம்வரை இரு வாரத்துக்கொருமுறை, ஓராண்டு முடியும்வரை மாதம் ஒருமுறை, பிறகு 2 ஆண்டுவரை காலாண்டுக்கொருமுறை போங்கள். ஒரு களப்பணியாளருக்கு 25 பேர்தான் உச்சவரம்பு. உங்கள் பட்டியல் 44 ஆகப்போவதால் இருவர் வேண்டும், ஒருவர் பெண். நிறுவனத்தின் சின்னம் ஒட்டிய வண்டி வாசலில் நின்றால் போதும், பிள்ளையின் கடந்தகாலம் தெருவுக்கே தெரிந்துவிடும், நடந்தோ சைக்கிளிலோ போகட்டும். "நலமா?" என்று கேட்டால் நலம் என்றுதான் வரும். எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுகிறானா, எங்கே படுக்கிறான், இந்த வாரம் எத்தனை நாள் பள்ளி, மாலையில் யாரோடு இருந்தான், அவனைத் தேடி யார் வந்தார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு 'முன்பு தெரிந்த ஒரு அண்ணன்' என்று பதில் வந்தால், அடுத்த சந்திப்புக்கு இரு வாரம் காத்திருக்க வேண்டாம்.

திருத்திய திட்டத்தை நிதி தருபவர்களுக்கு அனுப்பும்போது, 'மையத்தில் பயிற்சி முடித்தோர் எண்ணிக்கை' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 12-ஆம் மாதத்திலும் 24-ஆம் மாதத்திலும் குடும்பத்தோடு வசிப்பவர், பள்ளியிலோ வேலையிலோ இருப்பவர், மறுபடி குழுவுக்குப் போனவர் என்று மூன்று கட்டம் போடுங்கள். இந்தக் கணக்கின் முதல் வரியைப் பிள்ளை வீடு சேரும் வாரத்திலேயே குறித்துவைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.